நிறத்தை நம்பி வாங்கும் சரக்கு: மாரிக்கு முன் வன்னி இல்லங்கள் கருத்திற்கொள்ள வேண்டியவை

வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர் வடபுலத்து இல்லங்களிற் செய்து முடிக்கப்படுகின்ற வேலைகளுள் மிளகாய்த்தூள் தயாரித்து வைப்பதும் ஒன்றாகும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை வெயிலிற் காயவைத்து, பக்குவமாக வறுத்து, ஆலையில் அரைப்பித்து, பல மாதங்களுக்குப் போதுமான அளவிற் போத்தல்களிலும் ரின்களிலும் அடைத்து வைப்பது எமது மக்களின் நீண்டகால வழக்கமாகும். தமிழர் வீட்டுக் குழம்பாயினும் முஸ்லிம் வீட்டுப் புரியாணியாயினும் அதன் சுவையும் மணமும் இந்தச் சரக்குகளின் தரத்திலேயே தங்கியிருக்கின்றன. அவற்றை உண்போரின் உடல்நலமும் அதே தரத்திலேயே தங்கியிருக்கின்றது என்பது பலரும் எண்ணிப் பார்க்காத விடயமாகும்.

குறிப்பாகப் பளை போன்ற பிரதேசங்களில் இவ்விடயம் கூடிய கவனத்தை வேண்டி நிற்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலப்பரப்புடன் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில், ஒருபுறம் கிளாலிக் கடனீரேரியும் மறுபுறம் கடலும் சூழ அமைந்திருப்பது பச்சிலைப்பள்ளிப் பிரதேசம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களிலேயே இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்கின்றது. அக்காலத்திற் காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் மூடி இறுகாத எந்தப் பாத்திரத்தினுள்ளும் புகுந்துவிடும். கோடையிற் பல நாள் உழைப்பில் தயாரித்த தூள் தை பிறப்பதற்குள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்து வீணாவது இங்குள்ள இல்லத்தரசிகள் நன்கறிந்த அனுபவமாகும்.

சரக்கு வாங்குவதிலும் சேமிப்பதிலும் இரு தவறுகள் பரவலாகக் காணப்படுகின்றன. ஒன்று, பளிச்சென்ற நிறத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொள்வது. மற்றையது, ஈரத்தைச் சிறு விடயமாகக் கருதுவது. முதலாவது தவறு கலப்படத்திற்கு வழி திறந்துவிடுகின்றது. இரண்டாவது தவறு நல்ல சரக்கையும் நஞ்சாக்கிவிடுகின்றது.

நிறமும் கலப்படமும்

நிறத்தின் மீதான விருப்பம் எங்கு கொண்டு சென்று விடும் என்பதற்குப் பங்களாதேஷின் அனுபவம் தக்க சான்றாகும். அங்கு 1980களில் ஏற்பட்ட வெள்ளத்தினால் மஞ்சட் கிழங்குகள் நனைந்து நிறம் மங்கின. மங்கிய மஞ்சளை வாங்குவாரில்லை. எனவே கிழங்குகளைத் தீட்டும் ஆலைகளில் ஈயக் குரோமேற்று எனும் மஞ்சள் நிறச் சாயப்பொருளைப் பூசும் வழக்கம் தோன்றியது. இது தளபாடங்களுக்கும் வர்ணப்பூச்சுகளுக்கும் உரிய பொருளாகும். வெள்ளம் வடிந்த பின்னரும் வழக்கம் நீங்கவில்லை. ஈயம் உடலிற் சேருமாயின் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கர்ப்பிணித் தாய்மாரும் பாதிப்புக்குள்ளாவர்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்களாதேஷின் ஆய்வாளர்களும் இணைந்து 2019ஆம் ஆண்டில் இதனை வெளிக்கொணர்ந்தனர். அதனைத் தொடர்ந்து அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மொத்த வியாபாரச் சந்தையிற் சோதனை நடத்தித் தண்டம் விதித்ததுடன், மக்களுக்கும் வியாபாரிகளுக்கும் விளக்கமளிக்கும் நடவடிக்கைகளையும் மேற்கொண்டனர். 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதமானவற்றிற் காணப்பட்ட ஈயம், 2021இல் ஒரு மாதிரியிலும் காணப்படவில்லை. தீட்டும் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்தில் இருந்த ஈயத்தின் அளவும் ஏறத்தாழ 30 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்தது. சட்டமும் விழிப்புணர்வும் ஒன்று சேர்ந்தால் பல்லாண்டுத் தீமையையும் ஈராண்டிற் களையலாம் என்பதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

மிளகாய்த்தூளின் கதையும் இத்தகையதே. ‘சூடான்’ எனப்படும் சிவப்புச் சாயங்கள் கைத்தொழிற் தேவைகளுக்கு உரியவை. 2003ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மிளகாய்த்தூளில் இவை கண்டறியப்பட்டன. 2005 பெப்ரவரியில், சாயம் கலந்த மிளகாய்த்தூள் சேர்க்கப்பட்ட ஒரு சுவைச்சாற்றின் காரணமாகப் பிரித்தானியாவில் 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. மிளகிலும் பளபளப்புத் தேடப்படுகின்றது. 2012 டிசம்பரில் கேரளத்தின் கொச்சிக் களஞ்சியங்களில் 6,000 தொன்னுக்கும் மேற்பட்ட மிளகு, கனிய எண்ணெய் பூசப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளால் முத்திரையிடப்பட்டது.

எமது நாடும் இதற்கு விதிவிலக்கன்று. 2019ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டதை அடுத்து, சில நூறு ரூபாவிற்கு விற்ற ஒரு கிலோகிராம் மஞ்சள் சில ஆயிரம் ரூபாவை எட்டியது. இந்தியக் கரையிலிருந்து மன்னார்க் கடல் வழியாக மஞ்சள் மூடைகள் கடத்தப்படுவது வழமையான செய்தியாயிற்று. மாவும் நிறமூட்டியும் கலந்த தூள்கள் மஞ்சள் என்ற பெயரில் விற்கப்பட்டன. ஒரு பொருள் அரிதாகி விலையேறும் போதெல்லாம் அதனுடன் கலப்படமும் வந்து சேரும் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

வீட்டுச் சோதனைகளின் எல்லை

கலப்படத்தைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் உள்ளன. அவை எதனைக் காட்டும், எதனைக் காட்டமாட்டா என்பதையும் சேர்த்தே அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குவளை நீரின் மேல் மிளகாய்த்தூளைத் தூவினால், நீரிற் கரையும் சாயம் கலந்திருப்பின் அது சிவப்புக் கோடுகளாகக் கீழிறங்கும். செங்கல் தூளோ மணலோ கலந்திருப்பின் அடியிற் படிந்து, விரலால் உரசும்போது நறநறக்கும். ஆயினும் சூடான் சாயங்கள் எண்ணெயிற் கரைபவை; மிளகாயின் இயற்கை நிறமும் எண்ணெயிலேயே கரையும். எனவே நீர்ச் சோதனையில் அவை அகப்படுவதில்லை.

மஞ்சள்தூளை நீரிலிட்டு அசையாது வைத்தால் தூய தூள் அடியிற் படிய, மேலுள்ள நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். நீர் முழுவதும் கடும் மஞ்சளாக மாறின் ஐயுற இடமுண்டு. சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் சிவக்கின்றதே என்று சிலர் மனநிறைவு கொள்வர். அது மஞ்சளின் இயற்கை நிறப்பொருளான குர்குமின் அதில் உண்டென்பதை மட்டுமே காட்டும். வேறெதுவும் கலக்கப்படவில்லை என்பதைக் காட்டாது. ஈயத்தைக் கண்டறிய ஆய்வுகூடமே வேண்டும்.

ஆகவே சோதித்து அறிவதிலும், கலப்பதற்கு இடங்கொடாத வடிவில் வாங்குவதே சிறந்த வழியாகும். தூளாக்கிய பின்னர் எதனை எதனுடன் கலந்தார்கள் என்பதைக் கண் கண்டுகொள்ளாது. முழுச் சரக்கில் ஏமாற்றுவது அதனிலும் கடினம். இதனாலேயே எமது முன்னோர் சரக்கை முழுதாக வாங்கி வீட்டில் இடித்தனர். உரலும் உலக்கையும் இன்று அரிதாகிவிட்டாலும் அந்த நடைமுறையின் நியாயம் மாறவில்லை.

கடையிற் கவனிக்க வேண்டியவை

செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், வெந்தயம் என்பன பெருமளவில் இந்தியாவிலிருந்து இறக்குமதியாகின்றன. அவை கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரிகளின் கைமாறி, ஏ-9 வீதி வழியாக எமது கடைகளை வந்தடைவதற்குள் எத்தனையோ களஞ்சியங்களில் தங்கியிருக்கும். எனவே வாங்கும்போது கண், மூக்கு, கை ஆகிய மூன்றையும் பயன்படுத்த வேண்டும்.

நல்ல செத்தல் மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதைகள் ஒலிக்கும். வளைத்தால் ஒடியும். துணிபோல் வளைந்து கொடுக்குமாயின் ஈரம் உண்டென்று பொருள். அது நிறையைக் கூட்டும் என்பதால் வாங்குபவர் நீருக்கும் பணம் கொடுக்கின்றார். காம்புள்ள மிளகாயே நன்று. காம்பு நீங்கிய துளையூடாகப் பூச்சியும் ஈரமும் உட்புகும். ஓரிரண்டைப் பிளந்து பார்ப்பதும் அவசியம். வெளியே சிவந்து உள்ளே கருமையோ சாம்பல் நிறமோ படர்ந்திருப்பின் அது பூஞ்சணம்.

மல்லியைக் கையிற் கசக்கினால் நறுமணம் எழ வேண்டும். நற்சீரகத்தை உள்ளங்கையில் தேய்க்கும்போது கருமை ஒட்டுமாயின் அது சாயமிட்ட வேறு விதையாகும். மிளகு கடினமாகவும் பாரமாகவும் இருத்தல் வேண்டும். பப்பாளி விதை சுருங்கி, நீள்வட்டமாக, மிளகின் காரமின்றி இருக்கும். நல்ல கராம்பின் தலை உடையாது இருக்கும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். எண்ணெய் வடித்தெடுக்கப்பட்ட கராம்பு சுருங்கி, நீரிற் கிடையாக மிதக்கும். ஏலக்காய் வாய் பிளவாது, உள்ளே கரிய பிசுபிசுப்பான விதைகளைக் கொண்டிருக்க வேண்டும். வட்டிலப்பத்திற்கும் புரியாணிக்கும் ஏலத்தைத் தூளாக வாங்குவது மணத்தை இழப்பதற்கே வழிவகுக்கும்.

கறுவாவைப் பற்றித் தனியே கூற வேண்டும். இலங்கைக் கறுவா பல மெல்லிய பட்டைகள் ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்ட குழல் போன்றது. கையால் எளிதில் நொறுங்கும். ‘காசியா’ எனப்படும் வெளிநாட்டுப் பட்டை தடித்து, ஒற்றை மடிப்பாக, மரம்போல் இருக்கும். காசியாவில் கூமரின் எனும் பொருள் கூடுதலாக உண்டு. நாள்தோறும் மிகையாக உட்கொண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் கறுவா’விற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை வழங்கியது. உலகம் தேடி வாங்கும் பொருள் எமது நாட்டிலேயே விளையும்போது மாற்றுப் பட்டையை நாடவேண்டிய அவசியமில்லை.

மஞ்சளில் மட்டும் முழுச் சரக்கும் முழு உத்தரவாதமன்று. பங்களாதேஷிற் சாயம் பூசப்பட்டது முழுக் கிழங்குகளிலேயே. எனவே மேற்பரப்பு மிகப் பளிச்சென்று இருந்து கையில் ஒட்டும் மஞ்சளைத் தவிர்த்து, சற்று மங்கலான, இறுகிய, ஒடித்தால் உள்ளே செம்மஞ்சளாகத் தோன்றும் கிழங்கைத் தெரிவு செய்தல் நன்று. பளைப் பிரதேசம் தென்னைக்குப் பெயர் பெற்றது. யுத்தத்தில் அழிவுண்ட தோட்டங்கள் பலவற்றில் மீண்டும் கன்றுகள் நடப்பட்டுள்ளன. நீர்வசதியுள்ள தென்னங்காணிகளில் மஞ்சளை ஊடுபயிராகச் செய்கை பண்ணலாம். எட்டு முதல் பத்து மாதங்களில் இலைகள் காய்ந்ததும் கிழங்கை அகழ்ந்து, கழுவி, மென்மையாகும்வரை அவித்து, இரு வாரமளவில் வெயிலில் உலர்த்தினால் ஒரு குடும்பத்தின் தேவை நிறைவுபெறும். அதன் தூய்மையை எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

நல்ல சரக்கை வாங்கிவிட்டதால் மட்டும் கடமை முடிந்துவிடுவதில்லை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணமறியாது மாண்டன. அவற்றிற்குத் தீவனமாகக் கொடுக்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்திருந்த ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. ‘அஃப்லாடொக்சின்’ எனப் பெயரிடப்பட்ட இந்நஞ்சு ஈரற் புற்றுநோயை உண்டாக்கவல்லது எனச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. நிலக்கடலையில் மட்டுமன்றி, சரிவரக் காயாத மிளகாய், மஞ்சள், இஞ்சி, சாதிக்காய் முதலியவற்றிலும் இது தோன்றும்.

இந்நஞ்சு சாதாரண சமையல் வெப்பத்தில் அழிவதில்லை என்பது மிக முக்கியமானது. பூஞ்சணம் பிடித்த மிளகாயை மீண்டும் வெயிலிற் காயவைத்து, வறுத்து, அரைத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறானது. பூஞ்சணம் மடியலாம், அது விட்டுச்சென்ற நஞ்சு தூளிலேயே தங்கியிருக்கும். பழுதான பகுதியை மட்டும் அகற்றிவிட்டு மிகுதியை அரைப்பதும் பாதுகாப்பானதன்று. பணம் கொடுத்து வாங்கியதை எறிவது வறிய குடும்பங்களுக்கு எளிதான காரியமல்ல என்பதை நாம் அறிவோம். அதனாலேயே பூஞ்சணம் வராது தடுப்பது அவர்களுக்கே மிகவும் அவசியமாகின்றது.

உலர்த்தும்போது மிளகாயை வெறுந்தரையிலோ வீதியோரத்திலோ பரப்பலாகாது. தார் வீதியின் வெப்பம் விரைவில் உலர்த்தும் என்பது உண்மையாயினும், வாகனப் புகையும் தூசியும் விலங்குகளின் எச்சமும் அதிற் சேரும். பனையோலைப் பாயிலோ சுத்தமான படங்கிலோ, இயலுமாயின் நிலத்திலிருந்து உயர்த்திய பரணிலோ மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்து மூடிவிட வேண்டும். இரவுப் பனி பகல் வெயிலின் பயனை இல்லாமலாக்கிவிடும்.

அரைப்பதும் அடைப்பதும்

வறுத்தல் மணத்திற்காக மட்டுமன்று. எஞ்சியுள்ள ஈரத்தை வெளியேற்றுவதற்காகவுமாகும். ஒவ்வொரு சரக்கும் வறுபடும் நேரம் வேறுபடுவதால் தனித்தனியே வறுப்பதே முறை. கறிவேப்பிலை கையில் நொறுங்கும் வரை வறுபட வேண்டும். அதிலுள்ள ஈரமே பல வீடுகளில் தூள் பழுதாகக் காரணமாகின்றது. ஆலையில் எமக்கு முன் அரைத்தவரின் மிகுதி இயந்திரத்தில் தங்கியிருக்கும். ஆதலால் முதலில் ஒரு பிடி அரிசியை அரைப்பித்து நீக்கிவிட்டு எமது சரக்கை இடச் சொல்வது நன்று.

ஆலையிலிருந்து சூட்டுடன் வந்த தூளை உடனே போத்தலில் அடைப்பதே பலரும் செய்யும் பெருந்தவறு. மூடிய போத்தலில் ஆவி குளிர்ந்து நீராகித் தூளிற் கலக்கும். அங்கிருந்தே பூஞ்சணம் தொடங்கும். தூளைச் சுத்தமான தாளிற் பரப்பி, முற்றாக ஆறிய பின்னரே அடைத்தல் வேண்டும்.

சரக்கின் எதிரிகள் நான்கு: ஈரம், வெப்பம், வெளிச்சம், காற்று. வெளிச்சம் மிளகாயின் சிவப்பையும் மஞ்சளின் நிறப்பொருளையும் சிதைக்கும். வெப்பமும் காற்றும் மணந்தரும் எண்ணெய்களைக் கவர்ந்து செல்லும். இந்நான்கும் ஒருங்கே கூடும் இடம் அடுப்புக்கு அருகிலுள்ள திறந்த தட்டாகும். எமது சமையலறைகளிற் பெரும்பாலும் சரக்குப் போத்தல்கள் வைக்கப்பட்டிருப்பதும் அங்கேயே. அவற்றை அடுப்பிலிருந்து விலகிய, கதவுள்ள அலுமாரிக்கு மாற்றுவது எச்செலவும் இல்லாத சீர்திருத்தமாகும். இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் அல்லது எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. பயன்படுத்திய குளிர்பானப் பிளாஸ்டிக் போத்தல்கள் நீண்டகாலச் சேமிப்பிற்கு உகந்தவையல்ல.

ஆண்டுத் தேவையை முழுச் சரக்காக வைத்துக்கொண்டு, ஓரிரு மாதத் தேவையை மட்டும் அரைத்துக்கொள்வதே சிறந்தது. நன்கு உலர்ந்த முழுச் சரக்கு ஓரிரு ஆண்டுகள் தரம் குன்றாது இருக்கும். தூளாக்கியது ஆறு மாதங்களிலேயே மணம் குன்றத் தொடங்கும். ஆலைக்குச் சென்றுவரும் செலவு பெரிதாயின் அயலிலுள்ள இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கி, அரைப்பித்துப் பகிர்ந்துகொள்ளலாம். பெரிய பாத்திரத்தை நாள்தோறும் திறவாது, வாரத் தேவையைச் சிறு போத்தலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் சட்டியின் மேல் போத்தலைக் கவிழ்ப்பதும் ஈரக் கரண்டியை இடுவதும் கூடாது. பழப்புளியை உப்பிட்டு அடைப்பது நல்ல வழக்கமே. ஆனால் ஆனையிறவு உப்புப் போன்ற கல்லுப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது என்பதால் உப்புச்சாடியைத் தூளிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.

கறிவேப்பிலை, றம்பை, புதினா, மல்லியிலை போன்றவை வேறு வகையின. இவற்றிற்கு உலர்த்தலைவிடப் புதுமையே உயிர். கறிவேப்பிலையும் றம்பையும் வளவில் ஒரு மூலையில் நின்றாற் போதும். பூச்சிகொல்லி பற்றிய அச்சமும் இராது. வாங்கும் இலைகளைப் பலமுறை கழுவி, ஈரம் போக உலர்த்தி, தாளிற் சுற்றிப் பாத்திரத்தில் வைத்தால் குளிர்சாதனப் பெட்டியிற் பல நாட்கள் இருக்கும். புதினாவையும் மல்லியிலையையும் தண்டுடன் நீருள்ள குவளையில் நிறுத்தி வைக்கலாம்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு பொறுப்பு

மிளகாய்த்தூள் இன்று வீட்டுத் தேவைக்கு மட்டும் உரியதன்று. கனடாவிற்கும் ஐரோப்பாவிற்கும் செல்லும் ஒவ்வொரு பயணப் பொதியிலும் அது இடம்பிடிக்கின்றது. வன்னியிற் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் பலவற்றிற்குத் தூள் தயாரிப்பு வருமானம் தரும் வழியாக விளங்கக்கூடியது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய், மஞ்சள் முதலியவற்றில் அஃப்லாடொக்சின் ஒரு கிலோகிராமிற்கு 10 மைக்ரோகிராமை விஞ்சலாகாது என வரையறுத்துள்ளது. 2024 ஏப்ரலில், பூச்சிகொல்லி இரசாயனம் காணப்பட்டதாகக் கூறி ஹொங்கொங்கும் சிங்கப்பூரும் இந்தியாவின் பெரும் மசாலா நிறுவனங்களின் தயாரிப்புகளையே தடுத்து நிறுத்தின. பெருநிறுவனங்களுக்கே இந்நிலை எனின், உலர்த்துவதிலும் அடைப்பதிலும் ஒழுங்கு இல்லாத சிறு உற்பத்தியாளர் சந்தையில் நிலைத்திருப்பது அரிது. உலர்த்தும் மேடை, ஈரமானி, ஆய்வுகூடப் பரிசோதனை ஆகியவற்றைப் பிரதேச மட்டத்தில் ஏற்படுத்திக் கொடுப்பது கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் கருத்திற்கொள்ள வேண்டிய பணியாகும்.

சட்டமும் எமக்குத் துணை நிற்கின்றது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைகளிலிருந்து மாதிரிகளைப் பெற்று ஆய்வுக்கு அனுப்ப முடியும். பொதியிடப்பட்ட தூளில் எஸ்.எல்.எஸ். தரச்சின்னம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளரின் முகவரி ஆகியவற்றைப் பார்த்து வாங்குவதும், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவதும் அவசியம். ஐயம் எழுமிடத்துப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமோ முறையிடலாம்.

திருக்குறள் வாணிகரின் அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுகின்றது. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரையே தன் பெயராகக் கொண்டுள்ளது. உணவு ஹலாலாக இருப்பதுடன் தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும் என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறியாகும். விற்பவருக்குரிய இந்த அறம் நிலைபெற வாங்குபவரின் பங்கும் தேவை. மங்கிய நிறமுடைய தூய மஞ்சளைக் கொண்டுவரும் வியாபாரியைப் புறக்கணித்துவிட்டுப் பளிச்சிடும் தூளைத் தேடுவோமாயின், நேர்மையானவர் நட்டமடைந்து விலகிச் செல்ல மற்றவரே சந்தையில் எஞ்சுவார். இம்முறை மாரிக்குரிய சரக்கை வாங்கச் செல்லும்போது முழுச் சரக்கைக் கேட்போம், ஒடித்துப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், நன்கு உலர்த்தி, ஆறவைத்து, இறுக மூடுவோம். எமது குழந்தைகளின் உணவுத் தட்டைப் பாதுகாக்க இதனிலும் எளிய வழி வேறில்லை.